வெயில் ஆகாத செடி

தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள் தையல்காரி. மண் சொதசொதவென்று இருந்தது. அவள் தண்ணீர் ஊற்றி இன்றோடு ஒன்பது நாள்.

“ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“என் தொண்டையில ஊத்திக்கவே எனக்கு நேரமில்ல,” என்றான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. முகத்தைப் பார்க்காமல் சொன்னது அவளுக்கு உறுத்தியது.

வாங்கும்போதே நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெயில் கூடவே கூடாது, இலை ஓரம் கருகிவிடும். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் இலைகள் எழுந்து கைகூப்பி நிற்கும், பயந்துவிடாதீர்கள் என்று சிரித்தார். அதனால்தான் பாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில் வைத்தாள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புவாள். எப்படித் திருப்பினாலும் இரண்டே நாளில் இலைகள் ஜன்னலை விட்டுவிட்டுக் கட்டில் பக்கமே சாய்ந்தன.

நான்கு வயதுப் பாப்பாவுக்கோ பத்து நாளாகத் தீராத தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தும் உதடு வெடித்திருந்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தையல் மிஷினை நிறுத்தும்போதெல்லாம் உள்ளறையில் எதுவோ மடக்மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்கும். பாப்பாதான் குடிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தால், அவள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

சந்தேகம் வந்துவிட்டால் தையல்காரி லேசில் விடுகிறவள் அல்ல. அரை அங்குலத் துணி குறைந்தாலே கண்டுபிடித்துவிடுவாள். புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்க, துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் பொடித்துத் தொட்டியைச் சுற்றித் தூவினாள்.

மறுநாள் மதியம் தூள் கலையாமல் அப்படியே இருந்தது. ஒரு கால்தடம் இல்லை. மண்ணில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

“நீ ஊத்துனியாடி?”

“ஊத்தலம்மா.” பாப்பா காலிச் சொம்பை நீட்டினாள். “அதுக்குத் தாகமா இருந்துச்சு. அதான் நான் குடிச்சேன்.”

தையல்காரி தொட்டியை வாரித் தூக்கினாள். மொட்டை மாடி. உச்சி வெயில். சுடுகிற தரையில் வைத்துவிட்டு, “கருகிச் சாவு,” என்று வாய்விட்டே சொன்னாள். அப்பாடா என்றிருந்தது.

பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். விழுங்கும் சத்தம் இல்லை. மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. திரையும் போட்டிருந்தது. பாப்பாவின் காது மடல்கள் ஓரத்தில் பழுப்பாகச் சுருண்டிருந்தன. விரல் நுனிகளும். தொட்டாள். மொறுமொறுவென்று உதிர்ந்தது.

மாடிக்கு ஓடினாள். தொட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அதே மூலை. அதே இடம். குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்தாள்.

“குடி. எவ்வளவு வேணும்னாலும் குடி. எம் புள்ளைய விட்டுடு.”

பாப்பாவின் வெடித்த உதடு மெல்ல ஈரமானது.  

பொழுது சாய்ந்தது. கருகிய இலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கட்டிலில், கண் திறந்தபடி, பாப்பாவின் இரண்டு கைகளும் மெல்லத் தலைக்கு மேலே எழுந்து கூப்பி நின்றன.