ஒட்டி வைத்த ஏழு கவர்கள்

பெட்டியின் கண்ணாடி மூடியில் ஒரே ஒரு மூலையில் மட்டும் ஆவி படிந்திருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரம் காட்டிப் பிரிக்கிற ஈரப்பெட்டி என்றால் ஆவி படியத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இது படிந்தது, மெல்ல மறைந்தது, மறுபடியும் அதே மூலையில் அதே அளவுக்குப் படிந்தது. கையில் பஞ்சோடு அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மழைக்காலத்தில் இதற்கெல்லாம் காரணம் தேடினால் நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் என்று அடுத்த காகிதக் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

நூலகத்தில் நைந்துபோன தாள்களுக்கு ஒட்டுப் போடுவது அவள் வேலை. பேப்பர் டாக்டர் என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுவதற்குப் பதிலாக வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் எடுத்து, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று மாடி அறையில் மேஜை போட்டிருந்தாள். தம்பியின் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அதைக் கழற்ற வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தம்பிக்கு மனசு சரியில்லாமல் போனபோது, வெளியூரில் படிக்கிறான் என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வீடு அது. உள்ளிருந்து அவன் எதையாவது எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவான். மேலே 'அக்காவுக்கு' என்று இருக்கும். அம்மா அதை இவளிடம் தரமாட்டாள். கவரில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டிவிடுவாள். ப்ச், ப்ச் என்று பூனை பால் குடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். தண்ணீர் தொட்டு ஒட்டும்மா என்று எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. அவன் கதவைத் தட்டினால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது இவள் பொறுப்பு. தவறாமல் செய்தாள். ஏழாவது கவருக்குப் பிறகு தட்டல் நின்றது.

அந்த ஏழு கவர்களையும் பிரிக்கக் கூடாது என்று சாகும்போது அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கீழே போன் அடித்தது. இறங்கிப் போய் எடுத்தாள். அண்ணன்.

"இன்னுமா அதைக் கிளறிக்கிட்டிருக்கே? தூக்கிப் போட்டுத் தொலையேன்."

"ஏழும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுண்ணா. லேசா ஈரம் காட்டித் தனித்தனியா எடுத்துட்டாப் போதும். உள்ள பார்க்க மாட்டேன்."

"உன்னைத் திட்டி எழுதியிருந்தான்னா தாங்குவியா?"

"திட்டியிருந்தாத் தேவலை," என்றாள். அதுதான் உண்மை. அவன் தன்னைச் சபித்தானா, கடைசிவரை நம்பினானா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மாடிப்படியில் பாதி ஏறும்போதுதான் நினைவு வந்தது. ஒட்டிய கவரை ஈரப்பெட்டியில் வைக்கவே கூடாது. பசை இளகிவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தருகிற பாடம் அது. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே மறந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூடியைத் தூக்கினாள். ஏழு கவர்களும் வாய் பிளந்து கிடந்தன. பழைய காகித வாசனை இல்லை. பல நாள் திறக்காத அறையின் வாடை, வியர்வையும் எண்ணெய் காணாத தலைமுடியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பயம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

ஆறு தாள்களிலும் ஒரே வரி. அக்கா, கதவைத் திற.

ஏழாவதில் இரண்டு வரி. அக்கா, நீ வெளியேதான் நிக்கிறே. கதவுக்கு அடியில உன் நிழல் தெரியுது.

நின்றாள்தான். அன்றைக்குத் தாழ்ப்பாளில் கைகூட வைத்தாள். பிறகு கீழே போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. காற்று தாழ்ப்பாள் போடாது.

"யாரு?"

கதவைத் தட்டினாள். கீழே ரேடியோ பாட ஆரம்பித்தது. கெட்டுப்போய்ப் பத்து வருடம் ஆன ரேடியோ.

பலமாகத் தட்டினாள். சத்தம் கூடியது.

கத்தினாள். இன்னும் கூடியது.

தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கு அடியில், இடுக்கில், ஒரு நிழல். அசையவில்லை. கையில் பென்சில் இருந்தது. எண் போடும் பென்சில். ஒரு தாளை எடுத்து எழுதினாள். கதவைத் திற. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தோன்றவில்லை. அடியில் தள்ளினாள்.

தாள் பாதியில் நின்றது.

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, யாரோ அதை இழுத்துக்கொண்டார்கள்.

காதைத் தரையோடு வைத்தாள். மிகப் பக்கத்தில், அவ்வளவு ரேடியோ சத்தத்திலும் தெளிவாகக் கேட்டது.

ப்ச்.

ப்ச்.