பூவம்மா தைத்த கரடி

பொம்மையின் வயிறு சூடாக இருந்தது.

சந்திரகாந்தி கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். மார்கழி மழை பதுளையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கொடியில் போட்ட சேலை காயவில்லை, சாடியில் உப்பு கரைந்து நின்றது, தலையணைகூடப் பூஞ்சை பிடித்து நாறியது. அந்த வீட்டில் அடுப்பைத் தவிர வேறெதுவும் சூடாக இருக்க நியாயமில்லை. பொம்மையோ அடுப்படியிலிருந்து எட்டத்தில், தையல் பெட்டியின் மேல், நேற்று வைத்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. முதுகிலும் தலையிலும் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தன. வயிறு மட்டும், தூங்கி எழுந்த பிள்ளையின் வயிறுபோல வெதுவெதுப்பாக.

கரடிப் பொம்மை தைப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கைவேலை அவளிடம் வந்து சேர்ந்த விதமே வேடிக்கை. மிஷன் பாதிரியார் வீட்டுப் பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் சீமைக் கரடிப் பொம்மை ஒன்று, கக்கத்தில் கிழிந்து வைக்கோல் கொட்டுகிறதென்று அவள் புருஷன் செல்வநாயகத்தின் ஜவுளிக்கடைக்குத் தைக்க வந்தது. கடைத் தையல்காரர் மொஹிதீன், "இதெல்லாம் நம்ம மெசினுக்குள்ள போகாதுங்க" என்று சிரித்து ஒதுக்கிவிட்டார். சந்திரகாந்தி அதை உள்ளே கொண்டுபோய், முதுகுத் தையலைப் பிரித்து, வைக்கோலை உருவி, தோலை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, ஒவ்வொரு துண்டையும் கடைக் காகிதத்தில் படி எடுத்துக்கொண்டு மறுபடியும் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு வெல்வெட் துண்டு மிஞ்சினால் போதும், ஒரு கரடி பிறந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பூவம்மா அதைக் கற்றுக்கொள்ள வந்தாள் என்பதைவிட, ஒதுங்க வந்தாள் என்று சொல்வதுதான் சரி. அவள் புருஷன் மாடசாமி தோலும் கொம்பும் தேன்மெழுகும் வாங்கி விற்பவன். இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். அதுவும் கூரை வரை எட்டாது. அவன் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தச் சுவரின் மேலே ஏறி இந்தப் பக்கம் விழும். "அது அவங்க வீட்டு சங்கதி, நீ காதைப் பொத்திக்க" என்று செல்வநாயகம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சந்திரகாந்தியால் முடிந்தது பகலில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீங்காத கையில் ஊசியைக் கொடுப்பதுதான்.

"முடி எந்தப் பக்கம் படியுதுன்னு தடவிப் பார்த்துட்டு வெட்டு, பூவு. கத்திரி நுனி துணியைத்தான் கடிக்கணும், முடியைக் கடிக்கக் கூடாது."

"இப்படியாக்கா?"

"அப்படித்தான். வைக்கோலை முதல்ல மூக்குல அடை. மூக்கு கல்லு மாதிரி நிக்கணும். கையும் காலும் திரும்புறதுக்கு ரெண்டு தோல் வில்லை, நடுவுல கம்பி. முதுகுத் தையல் மட்டும் கடைசி. இந்தக் கரையில ஒரு குத்து, அந்தக் கரையில ஒரு குத்து. அப்புறம் நூலை ஒரே இழுப்பா இழு. நூலு உள்ளுக்குப் போயிரும்."

பூவம்மா நூலை இழுத்தாள். இரண்டு கரையும் வாய் மூடுவதுபோல மூடிக்கொண்டன. அவள் சிரித்ததைச் சந்திரகாந்தி அன்றுதான் பார்த்தாள்.

வெல்வெட் தீர்ந்துபோன சமயத்தில், பூவம்மா முந்தானைக்குள் ஒரு தோலைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கன்னங்கரேலென்று, முரட்டு முடியோடு, நெஞ்சில் மட்டும் வெள்ளைப் பிறை. உண்மையான கரடிக்குட்டியின் தோல்.

"அவரு கிடங்குல மூலையில கிடந்துச்சுக்கா. வெல்லஸ்ஸ காட்டு வேட்டைக்காரன் கொண்டாந்து போட்டது. குட்டியை மட்டும் அடிச்சுட்டு வந்துட்டானாம். தாய்க்கரடி வண்டிக்குப் பின்னாலயே பசறை வரைக்கும் மோந்துக்கிட்டே வந்துச்சாம். பயந்துபோயி கிடைச்ச விலைக்கு வித்துட்டுப் போயிட்டான்."

வேண்டாமடி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தோலைத் தடவிக்கொண்டிருந்த பூவம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, வாய் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மடியில் எதுவும் தங்காதவள். இரண்டு முறை மாடசாமியின் உதையிலேயே கரு கலைந்து போயிற்று.

பூவம்மா அந்தத் தோலில் தைத்த பொம்மை நன்றாகத்தான் வந்தது. அளவுக்கு மேல் நன்றாக வந்தது. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, எதையோ கேட்பதுபோல இருந்தது. நேற்று அந்தி நேரம் பூவம்மா பின்வேலிக்கு மேலாக அதை நீட்டினாள். கீழுதடு பிளந்திருந்தது. நடுவிரல் பின்புறமாக மடங்கித் தொங்கியது.

"தோலைக் காணோம்னு தேடிட்டாருக்கா. இதைப் பார்த்தா அடுப்புல போட்டுருவாரு. நீங்க வச்சுக்கங்க. நான் நாளைக்கு விடியக்காலை வண்டியில கொஸ்லந்தைக்குப் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்."

"போயிரு தாயி" என்றாள் சந்திரகாந்தி. "திரும்பிப் பார்க்காமப் போயிரு."

இன்றைக்குக் காலையில் வயிறு சூடு.

ஒரு துணியைப் போட்டு அதை மூடிவிட்டுச் சமையலைப் பார்த்தாள். செல்வநாயகம் சரக்கெடுக்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. முதலில் வண்டு என்று நினைத்தாள். பிறகு கொதிக்கிற தண்ணீர் என்று நினைத்தாள். பானையை இறக்கி வைத்த பிறகும் அது நிற்கவில்லை. ஒரே சீராக, கொர்ர்ர் என்று, நடுநடுவே சப்புக்கொட்டிக்கொண்டு. பால் குடிக்கும்போது குட்டிகள் தொண்டைக்குள் முனகுமே, அந்த முனகல். துணிக்குக் கீழிருந்து வந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டில் எதையோ இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. மாடசாமி தோல் மூட்டையை இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பூவம்மா இந்நேரம் ஹாலி-எல தாண்டியிருப்பாள். நினைத்ததும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் முன்கதவைத் தட்டி மொஹிதீன் கூப்பிட்டார். குடையிலிருந்து தண்ணீர் வழிய வழிய நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சந்திரம்மா, பின்கதவைத் திறக்காதீங்க. நம்ம செவலை நாய் சாக்கடையில கிடக்குது."

"செத்துப்போச்சா?"

"செத்துப்போனது பெருசில்லீங்கம்மா." அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "மூஞ்சியே இல்லீங்க. ஆரஞ்சுப்பழம் உரிச்ச மாதிரி மேலேருந்து கீழ வரைக்கும் உரிச்சிருக்கு. ஆறுமுகக் கொல்லன் துப்பாக்கி வச்சிருக்கான், கூட்டிட்டு வர்றேன். உள்ள இருங்க."

அவர் போனார். மூடுபனி தெருவை மூடியது. எதிர்க்கடையின் பலகை தெரியவில்லை; பிறகு தெருவே தெரியவில்லை. போன மொஹிதீன் திரும்பவில்லை. விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை, ஆனாலும் வீட்டுக்குள் இருட்டு மூலை மூலையாக வந்து உட்கார்ந்தது. அதோடு ஒரு வாடையும் வந்தது. நனைந்த சாக்கு, கிண்டிப்போட்ட புற்றுமண், புளித்த தேன், அதற்கும் அடியில் அழுகின இறைச்சி. பின்கதவின் இடுக்கு வழியாக அந்த வாடை உள்ளே இழுக்கப்படுவதுபோல வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அது காற்றல்ல என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கதவுக்கு வெளியே ஏதோ மோந்துகொண்டிருந்தது.

கொல்லன் துருத்திபோல ஒரு மூச்சு. கதவின் அடியிலிருந்து ஆரம்பித்து, தாழ்ப்பாள் வரை, தாழ்ப்பாளுக்கு மேலே, அவள் தலைக்கும் மேலே ஏறியது. எழுந்து நிற்கிறது. பிறகு நகம். பலகையில் மெல்ல, அவசரமில்லாமல், மேலிருந்து கீழே ஒரு கோடு. மரத்தூள் உள்ளே உதிர்ந்தது.

தையல் பெட்டியின் மேல் முனகல் உரத்தது. துணி நழுவி விழுந்திருந்தது. பொம்மையின் தலை கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவள்தான் திருப்பி வைத்திருப்பாள். அவளுக்கு ஞாபகமில்லை.

தூக்கினாள். கனத்தது. வைக்கோல் இவ்வளவு கனக்காது. முன்வாசல் வழியாக ஓடி ஆற்றில் எறிந்துவிடலாம் என்று இரண்டடி வைத்தாள். மூச்சு வீட்டைச் சுற்றிக்கொண்டு அதே பக்கம் வந்தது. நின்றாள். அதுவும் நின்றது. பொம்மை எந்தப் பக்கமோ, அதுவும் அந்தப் பக்கம்.

பலகைச் சுவருக்கு அப்பால் மாடசாமியின் குறட்டை. சாராயத் தூக்கம். நன்றாகத் தின்று, குடித்து, கால் பரப்பித் தூங்குகிறான்.

கூரைக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி.

அவள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பூவம்மாவின் மடங்கின விரலை யோசித்தாள். உதைபட்டு இரண்டு முறை பாவாடை நனைந்து அவள் வந்து நின்றதை யோசித்தாள். பெஞ்சை இழுத்துப் போட்டாள். ஏறினாள். "உன் கிடங்குத் தோலுதானே" என்று வாய்க்குள் சொன்னாள். "நீயே வச்சுக்க."

விட்டாள்.

பொத்தென்று விழுந்தது. குறட்டை ஒரு முறை தடுக்கி, மறுபடி ஓடியது.

வெளியே மூச்சு நகர்ந்தது. சேற்றில் கனத்த காலடி. அவள் வீட்டுச் சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கம்.

சந்திரகாந்தி பெஞ்சிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்தாள். காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது.

கதவு ஒரே அடியில் பிளந்தது.

"எவன்டா அது?" மாடசாமியின் தூக்கக் குரல். "எவன்டா..."

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை. ஒரு அலறல், பாதியிலேயே ஈரமானது. பாயும் உடம்பும் தரையில் புரளும் சத்தம். பானை உடைந்தது. சேலை கிழிவதுபோல ஒன்று கிழிந்தது, நீளமாக. பலகைச் சுவர் அதிர்ந்து, அவள் முதுகில் மோதியது. எலும்பு. இன்னொரு எலும்பு. அவன் இன்னும் சாகவில்லை என்பதுதான் கொடுமை. மூக்கும் உதடும் இல்லாத ஒரு வாய் வழியாகக் காற்று குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவள் அழவில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிக அருகிலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"அக்கா."

சந்திரகாந்தி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அக்கா... வண்டியிலேருந்து இழுத்துட்டு வந்துட்டாருக்கா. தூணோட கட்டி வாயில துணி அடைச்சுப் போட்டாரு, இப்பதான் துப்புனேன். அக்கா, இது என்னக்கா..."

மத்தியானம் கேட்ட இழுவை.

பெஞ்சில் ஏறினாள். கால் நழுவியது. மறுபடி ஏறினாள். சுவர் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

பிளந்த கதவு வழியாகச் சாயங்கால வெளிச்சம் சாம்பலாக விழுந்தது. மாடசாமி பாயில் மல்லாந்து கிடந்தான். முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம், அதில் பல் மட்டும். அவனைத் தாண்டி அது உட்கார்ந்திருந்தது. மனுஷியைப்போல, காலை நீட்டிக்கொண்டு, கூரைக்குப் பாதி உயரத்துக்கு. மடியில் பூவம்மாவின் பொம்மை. அதை முகர்ந்தது. நக்கியது. தடவியது. முதுகில் மூடிக்கிடந்த தையலில் நகத்தை விட்டுப் பிரித்தது. வைக்கோல். இன்னும் உள்ளே தேடியது. வைக்கோல். மூக்கைப் பிளந்தது. வைக்கோல். கையைப் பிய்த்தது, வில்லையும் கம்பியும் தெறித்து ஓடின. பொம்மையில் தேட இனி ஒன்றுமில்லை.

அது தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சத்தத்தைச் சந்திரகாந்தி கேட்டதில்லை. பிள்ளை செத்த பொம்பளையின் சத்தம் அது.

பிறகு அது பூவம்மாவைப் பார்த்தது.

தவழ்ந்து அவளிடம் போனது. மோந்தது. அவள் கையை, விரலை, மடியை. நாளெல்லாம் அந்தத் தோலைத் தைத்த கை. குட்டியின் வாடை அவள் உடம்பெல்லாம் இருந்திருக்க வேண்டும். அது தொண்டைக்குள் கொர்ர்ர் என்று முனக ஆரம்பித்தது. கோபமாக இல்லை. கயிற்றோடு அவளைப் பிடுங்கி எடுத்து மடியில் போட்டுக்கொண்டது. அவள் தலையை நெஞ்சிலிருந்த வெள்ளைப் பிறையில் அழுத்தி அணைத்தது.

"ஓடு" என்று சந்திரகாந்தி சொன்னாள்.

பூவம்மாவின் ஒரு கண் மட்டும் முடிக்குள்ளிருந்து தெரிந்தது. சுவரின் மேலே பார்த்தது. கரடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, அவள் நெற்றியை நக்கியது. நாக்கு போன இடமெல்லாம் தோல் வெளுத்து, சிவந்து, உரிந்து வந்தது. விரல் நீள நகங்களை அவள் பிடரியில் வைத்து, தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல மெல்ல, மிக மெல்ல, இடுப்பு வரை தடவிவிட்டது. நகம் போன வழியில் முதுகு, பிரித்த தையல்போலத் திறந்தது. மறுபடி பிடரியில் வைத்தது. மறுபடி தடவியது.