லாரிகள் நின்ற தெரு

லாரிகளே வராத தெருவில், மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது.

சாலைத் துறைப் பொறியாளர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். இந்தத் தையல்காரம்மாவின் புகார் ஒரு வருஷமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. லாரி போனால் வீடு அதிர்கிறதாம், சுவர் விரிசல் விடுகிறதாம், தைக்கிற தையல் கோணுகிறதாம். தொல்லை விட்டால் போதும் என்று மேலதிகாரிகளிடம் மன்றாடி, லாரிகளைப் புறவழிச் சாலைக்குத் திருப்பிவிட்டாயிற்று. இன்றைக்கு ஒருமுறை அதிர்வை அளந்து புகாரை மூடிவிட்டால், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டில் மகள் காத்திருப்பாள். இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறாள். அவருக்குச் சின்ன வயதில் கால் உடைந்ததால், ஓர் அடி பலமாக விழும், மறு அடி இழுபடும். அந்தச் சத்தம் வாசலில் கேட்டதுமே "அப்பா!" என்று தரையைத் தட்டுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸ் வரை எல்லோரும் கேலி செய்த அந்த நடையைக் கொண்டாடுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

தையல்காரம்மா துணி வெட்டுகிற மேசையின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கீழே வீடு முழுக்க வெட்டுத்துணி, கணுக்கால் புதைகிற அளவுக்குப் பரப்பியிருந்தது. பழந்துணியின் புழுக்க வாடை, மிஷின் எண்ணெய் வாடை, அதற்கும் அடியில், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஓர் ஈரமண் வாடை.

"என்னம்மா இது, வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசுங்க சார். லாரிய மறுபடி இந்தப் பக்கமே விடச் சொல்லுங்க."

"விளையாடறீங்களா? நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க!"

"தெரியாமச் சொல்லிட்டேன் சார். லாரி சத்தத்துல நம்ம காலடி அதுக்குக் கேக்காம இருந்திருக்கு. இப்ப கேக்குது."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், பாவம், தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டார். குனிந்து துணியை விலக்கி, அதிர்வு மீட்டரை வெறுந்தரையில் வைத்தார். அது வேலை செய்கிறதா என்று பார்க்கத் தரையை மிதித்துப் பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். யோசித்துச் செய்கிற காரியமில்லை.

"ஐயோ, வேணாம் சார்!"

அதற்குள் மிதித்துவிட்டார். பலமாக ஒன்று. இழுத்து ஒன்று. திரையில் கோடு துள்ளி அடங்கியது.

டம்ளரின் நடுக்கம் சட்டென்று நின்றது. தெருவில் ஒரு காக்கைகூடக் கரையவில்லை. யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது போன்ற அமைதி.

கோடு மறுபடி துள்ளியது.

அவர் அசையவில்லை.

பின்னறைப் பக்கம், தரைக்கு அடியிலிருந்து. பலமாக ஒன்று. இழுத்து ஒன்று. அவருடைய நடை. அவரை நோக்கி வந்தது. நேராக அவர் பாதத்துக்குக் கீழே வந்து நின்றது.

"உங்க நடையக் கத்துக்கிச்சு சார்." தையல்காரம்மா அழுதார். "மேல ஏறிடுங்க. வீட்டுக்கு மட்டும் போயிடாதீங்க, கூடவே வரும்!"

அவர் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்ற ஸ்கூட்டரில் பாய்ந்து ஏறினார். வழி நெடுக ஒரு சிக்னலில்கூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை. மகள் தரையில்தான் விளையாடிக்கொண்டிருப்பாள். ஓட்டிக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டார்.

"பாப்பாவத் தூக்கி வச்சுக்கோ! கீழ விடாதே!"

"என்னங்க சொல்றீங்க? உள்ள வந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன். பாப்பாகூட உங்க சத்தம் கேட்டுக் கூடத்துக்குப் போயிடுச்சே..." மனைவியின் குரல் தேய்ந்தது. "அப்ப இங்க நடக்கறது யாரு?"

ஸ்கூட்டரை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். சமையலறை நிலையைப் பிடித்தபடி மனைவி நின்றிருந்தாள், வாய் திறந்தபடி, சத்தம் வராமல்.

கூடத்தின் நடுவில் மகள். குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா," என்றார். "அப்பா இங்க இருக்கேன்டா."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டிக் கையால் தரையைத் தட்டினாள்.

"அப்பா!"

கீழேயிருந்து, பலமாக ஒன்று. இழுத்து ஒன்று.

அவள் கன்னத்துக்கு அடியில், தரைக்கல் மெல்ல மேலே எழும்பியது.