சிவப்புக் கோடு விழாத புதன்கிழமை

தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் அன்றும் மழை. லான்யின் கட்டிலில் குப்புறப் படுத்து, அறைக்குள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொன்று. அவை அசைந்தபோது, துறைமுகத்துக்குள் வரிசையாக நுழையும் படகுகள் போல இருந்தன. ஆறாவது படகில் மட்டும் ஓட்டை. அது மூழ்குவதற்குள் கரை சேருமா?

"லான்யின்! சிவப்புக் கோடு வந்துச்சா?"

சமையலறையிலிருந்து அக்கா பெய்ஷானின் குரல். லான்யின் துள்ளி எழுந்து கணினித் திரையைப் பார்த்தாள்.

"வந்துடுச்சு அக்கா."

"எத்தனை மணிக்கு?"

"அது... படகு... இல்ல, பாக்கல."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "உன்னை உக்கார வச்சதே அதைப் பாக்கத்தானே! கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

பெய்ஷான் தொழிற்பள்ளியில் படிக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தைபேயில் ஒரு போட்டி. கணினியை அதற்குச் சொல்லப்பட்ட வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட்ட வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில் ஒரு தவறுகூட வரக்கூடாது. அவளுடைய கூட்டாளி யாவ்டிங், அவள் வகுப்புத்தான். கோடை விடுமுறை முழுக்கக் காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை ரொட்டி சுட்டு, அந்தச் சம்பளத்தில் இரண்டு ரேம் பட்டைகள் வாங்கியிருந்தான். அவைதான் இப்போது மேசைமேல், மூடியில்லாத கணினியில் மினுங்கின.

ரேம் என்றால் என்ன என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். "கோடிக்கணக்கான இழுப்பறைன்னு வச்சுக்க. ஒண்ணைத் திறன்னு சொன்னா, திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்ல? அந்தக் காத்திருக்குற நேரம்தான் இந்த எண்கள். எண்ணைக் குறைச்சா வேகம். ரொம்பக் குறைச்சா, பாதி திறந்த இழுப்பறையில கையை விட்ட மாதிரி. வேற ஏதோ கையில வரும். அப்பதான் சிவப்புக் கோடு."

அந்த வாரம் முழுக்கச் சிவப்புக் கோடுதான். புதன்கிழமை மட்டும் ஒன்றுகூட விழவில்லை. அதே எண்கள், அதே கணினி. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அக்கா யாவ்டிங்கைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மறுபடியும் போச்சு. உன் ரேம்லதான் கோளாறு."

"என் ரேமா? எண்ணை ரொம்பக் குறைச்சது நீதான்!"

"அப்படியா? சாயங்காலம் வந்து உன் ரேமைக் கழட்டி எடுத்துட்டுப் போ. போட்டிக்கு நான் வரல!"

அழைப்பு துண்டானது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

யாவ்டிங் அண்ணா வரும்போதெல்லாம், கடையில் மிஞ்சிய முள்ளங்கிப் பணியாரத்தை எடுத்து வருவான். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருக்கும் துண்டுகளை லான்யினுக்கென்றே பொறுக்கி வைப்பான். இனி அவன் வரமாட்டானா?

புதன்கிழமை என்ன நடந்தது? அன்று பள்ளி அரைநாள். இதே கட்டிலில்தான் படுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மழை விட்ட சிறு இடைவெளியில், பருந்துகள் துறைமுகத்துக்கு மேல் வட்டமிட்டன. அவற்றோடு அவளும் சுற்றினாள். கப்பல்களின் மேல், பளுதூக்கிகளின் மேல், மலைக்குப் பின்னால்...

சட்டென்று அவள் நிமிர்ந்தாள்.

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அது இல்லாவிட்டால் அந்த ஊரில் துணி காயாது. உறிஞ்சிய தண்ணீர் அதன் தொட்டியில் நிறையும். நிறைந்ததும் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். தொட்டியைக் கொட்டுவது லான்யினின் வேலை.

அவள் இயந்திரத்தின் பின்பக்கம் கையை நீட்டினாள். வெதுவெதுவென்று காற்று வீசியது. அது நேராக மேசைமேல் இருந்த கணினியின் மீது பட்டது.

"அக்கா, ரேமுக்குச் சூடு பிடிக்குமா?"

"பிடிக்காது. பேசாம இரு."

"புதன்கிழமை இது ஓடவே இல்லக்கா."

அக்கா திரும்பினாள். "எது?"

"இந்த மிஷின். தொட்டி நிறைஞ்சு கத்துச்சு. நான் பருந்து பாத்துக்கிட்டு இருந்தேனா... கொட்ட மறந்துட்டேன். துணி ஏன் காயலன்னு அம்மா கேட்டப்ப, மிஷின் ரிப்பேர்னு பொய் சொல்லிட்டேன்."

அக்கா அவளையே பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று லான்யின் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

ஆனால் அக்கா எழுந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சோதனையைத் திரும்பத் தொடங்கினாள். இரண்டு மணி நேரம் இருவரும் கண் கொட்டாமல் உட்கார்ந்தார்கள். ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை.

"லான்யின்!" அக்கா அவளைத் தூக்கிச் சுற்றினாள். ஈரக் காலுறை ஒன்று இருவர் முகத்திலும் பட்டது.

அக்கா கீழே இறக்கிவிட்டதும் லான்யின் கேட்டாள். "நாளைக்குப் போட்டி நடக்குற எடம் சில்லுனு இருக்குமா?"

அக்காவின் சிரிப்பு மங்கியது. "இருக்காது. போன வருஷம் பதினாலு கணினி, நிறைய விளக்கு. ஒரே வேக்காடு." அவள் திரையில் எண்களை மேலும் கீழும் ஓட்டினாள். "ரேமுக்கு மறதி ஜாஸ்தி. வச்சிருக்கறதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திரும்ப நினைச்சுக்கிட்டே இருக்கணும். சூடானா இன்னும் சீக்கிரமா மறக்கும்."

"நினைச்சு முடிக்கிற வரைக்கும் அதைத் தொந்தரவு பண்ணாம இருப்பீங்களா?"

"அதுக்கும் ஒரு எண் இருக்கு. வேகம் வேணும்னு அதைத்தான் ரொம்பக் குறைச்சுட்டோம்."

"பாவம்க்கா. நான் ஏதாவது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள 'லான்யின்!'னு கத்துனா, எனக்கும் எல்லாம் மறந்துபோகுது."

அக்கா திரைப் பக்கம் திரும்பினாள். அந்த ஓர் எண்ணை மட்டும் இருநூற்று அறுபதிலிருந்து முந்நூறுக்கு ஏற்றினாள். "கொஞ்சம் வேகம் குறையும். பரவால்ல." பிறகு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வேண்டுமென்றே கணினிக்கு அருகில் தள்ளி ஓடவிட்டாள். சோதனை தொடங்கியது.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. யாவ்டிங்! மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் உம்மென்று இருந்தது. கையில் பணியாரப் பொட்டலம் இல்லை.

"ரேமை எடுத்துட்டுப் போக வந்தேன்."

லான்யின் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கால் மணி நேரம் கழிச்சு எடுத்துக்குங்கண்ணா. இப்ப அது யோசிச்சுக்கிட்டு இருக்கு."

"எது யோசிக்குது?"

"உங்க ரேம்தான். ரொம்ப நல்ல ரேம். அதுக்குக் கொஞ்சம் புழுங்குச்சு, அவ்வளவுதான்."

அவன் அப்போதுதான் திரையைக் கவனித்தான். ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்தான். வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதியது. திரையின் மூலையில் நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

சோதனை முடிந்தது. தவறுகள்: பூஜ்யம்.

"உன் ரேம்ல ஒரு குத்தமும் இல்ல," என்றாள் அக்கா. "நான்தான் அவசரப்பட்டுட்டேன். சாரி."

யாவ்டிங் காதைத் தேய்த்தான். "அந்த எண்ணைக் குறைக்கச் சொன்னதே நான்தானே. உன்மேல போட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டான்.

"காலையில ஆறரை ரயில். லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."

மறுநாள் லான்யினும் அவர்களோடு போனாள். போட்டிக் கூடம் இட்லிப் பானை போல வெந்தது. பக்கத்து மேசைக் கணினி நாற்பதாவது நிமிடத்தில் அணைந்தது. எதிர் மேசைத் திரையில் சிவப்புக் கோடுகள் கொட்டின. பெய்ஷானும் யாவ்டிங்கும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கணினி கடைசி நிமிடம் வரை ஓடியது.

மூன்றாவது இடம்! ஏதோ முதலிடம் வந்ததுபோல மூவரும் குதித்தார்கள்.

திரும்பும் ரயிலில் லான்யின் கணினிப் பெட்டியின்மேல் தலைசாய்த்து உறங்கிப்போனாள். ஒரு சுரங்கம் வந்தது, போனது. கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது. அடுத்த வருடம் எந்த எண்ணைக் குறைப்பது என்று அக்காவும் யாவ்டிங்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், அவள் விழித்துவிடாதபடி, கிசுகிசுப்பாக.