ஒரு சின்னத் திருத்தம்!

"அக்கா..!"

தங்கை போட்ட அலறலில் மாடியே அதிர்ந்தது.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தாள் அக்கா. உடம்பு சில்லிட்டிருந்தது!

எதிரே கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. திரையில், வேதியியல் ஆராய்ச்சிக்காரர்கள் கூடி விவாதிக்கும் ஆன்லைன் குழு. அக்கா அதில் கடைசியாக எழுதிய வரி...

'இந்தக் குழுவில் ஒருவரின் ஆய்வு முடிவுகள் அத்தனையும் பொய். நாளை ஆதாரத்தோடு போடுகிறேன்.'

மறுநாள் வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் கையை விரித்தார்.

"இருமல் மருந்துல விஷம். பாட்டில்ல அவங்க கைரேகை மட்டும்தான். தற்கொலைன்னு ஃபைலை மூடச் சொல்றாங்கம்மா."

"சாகப் போறவ, நாளைக்குப் போடறேன்னு எழுதுவாளா சார்?" என்றாள் தங்கை. "இருமல் மருந்து விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான். உங்க அத்தானுக்குக்கூடச் சொல்லலை."

அத்தான் பக்கத்து அறையில் அழுது ஓய்ந்து படுத்திருந்தார். கெமிஸ்ட்ரி புரொஃபசர். 'அந்த வெட்டி அரட்டைக்கெல்லாம் நான் வரலை' என்று குழுவில் சேராதவர்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் குழுக்காரங்க பட்டினிகூடக் கிடப்பாங்க சார்... தப்பைப் பார்த்துட்டுச் சும்மா கிடக்க மாட்டாங்க!"

அக்காவின் கம்ப்யூட்டரில் குழுவைத் திறந்து மடமடவென்று தட்டினாள்.

'என் அக்கா காபியில் விஷம் கலந்து குடித்து இறந்துவிட்டாள்.'

அனுதாபங்கள் குவிந்தன. நடுவே, 'மூக்குக்கண்ணாடி' என்ற புனைபெயரில் ஒரு பதில்...

'சின்னத் திருத்தம். அந்த விஷம் காபியில் திரிந்துவிடும். இருமல் மருந்தில்தான் தெரியாமல் கரையும்.'

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டான்! யாரும்மா இவன்?"

"தெரியலையே சார்... இருங்க."

மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். 'அப்படியா?'

டிங்!

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

மறுபடி அனுப்பினாள்.

டிங்!

கதவைத் தள்ளினார்கள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, மொபைலில் தான் போட்ட பதிலை அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா அத்தான்?! அந்தப் பொய் ஆய்வு உங்களோடதா?"

"என் வேலை, மானம் எல்லாம் போயிடும்னு கெஞ்சினேன்... அவ கேக்கலை."

"அதுக்காக மருந்துல விஷமா? பாவி!"

தங்கைக்கு அழுகைகூட வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதி நீட்டினார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அத்தான் பேனாவை வாங்கினார். படித்தார். நெற்றி சுருங்கியது.

"சார்... கொலைக்கு இந்த 'ளை' வராது."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"நீங்க திருத்தினது போதும், புரொஃபசர். இனிமே உங்களை நாங்க திருத்திக்கறோம்!"