ஏழாவது கட்டளை

நிரலின் உதவிப் பட்டியலில் ஆறு கட்டளைகள் இருக்க வேண்டும். ஏழு இருந்தன.

எவேலியோ, தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானத்தின் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி எண்ணினான். மதிய உறக்க நேரம். எங்கார்னாசியோன் நகரமே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. மரச்சட்ட இடுக்குகளில் நுழைந்த வெயில் தரையில் கோடுகோடாகக் கிடக்க, அடுத்த அறையில் மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகியபடி ஓட, அதன் கீழே சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கும் மனைவி எர்மெலிந்தாவின் மூச்சு அவன் மேசைவரை கேட்டது. உலகத்தில் அவன் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

மற்றதெல்லாம் இளக்காரம். மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்காக, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்தே இயக்கும் நிரல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கு எடுத்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகத்தைச் சோம்பேறிகளின் ஊன்றுகோல் என்பான். கோப்புறையில் ஒரு கோப்பைப் போட்டால் போதும், அது கட்டளையாகிவிடும். உதவிப் பட்டியலிலும் தானே ஏறிக்கொள்ளும். அவன் போட்டது ஆறு கோப்புகள். இப்போது திறந்து பார்த்தாலும் கோப்புறையில் ஆறுதான்.

பட்டியலின் கடைசி வரி: ‘எழுப்பு – உள்ளே படுத்திருப்பவரை எழுப்பும்.’

கூட வேலை செய்யும் காந்திதோவைத் தொலைபேசியில் பிடித்தான்.

“டேய், என் ப்ரோக்ராம்ல கைய வச்சியா?”

“தூங்குற நேரத்துல உன் ப்ரோக்ராமா? வேற பொழப்பில்ல எனக்கு?”

“பட்டியல்ல ஒரு கட்டளை கூடுதலா நிக்குது. இவ்வளவு மட்டமான வேலை உனக்குத்தான் வரும்.”

“சரிங்க மேதை.” காந்திதோ கொட்டாவி விட்டான். படித்துக் காட்டச் சொன்னான். எவேலியோ கடைசி வரியைப் படித்தான். “கோப்பே இல்லாம கட்டளை எப்படிடா வரும்? எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு. ஓட்டி மட்டும் பாக்காத.”

“ஏன், பயமா இருக்கா?”

“எனக்கென்ன பயம். உன் வீட்லதான ஓடப் போவுது.”

எவேலியோ அழைப்பைத் துண்டித்தான். கட்டளையைத் தட்டினான். எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும் சிறு சொல்லையும், யோசிக்காமல், வரியின் கடைசியில் ஒட்டினான். நிச்சயமா என்று கேட்கும் நிரல்களும், அதற்கு நின்று பதில் சொல்லும் மனிதர்களும் அவனுக்குக் கோழைகள்.

வரிகள் கடகடவென்று ஓடின.

‘உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா? ஆம்.’

‘அவர் இடத்தில் வேறொருவர் எழுந்து வரலாமா? ஆம்.’

‘அவரை விட்டுவிடச் சம்மதமா? ஆம்.’

‘முடிந்தது.’

நிறுத்தும் விசைகளை அழுத்தினான். திரும்பத் திரும்ப அழுத்தினான். நிறுத்துவதற்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த அறையில் மின்விசிறி நின்றது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. ஈரமண்ணை அப்போதுதான் கிளறியதுபோல ஒரு வாடை.

“எர்மெலிந்தா?”

வெறுங்கால்கள். தரையில். மெதுவாக.

வந்தது. அவளுடைய முகம். அவளுடைய கசங்கிய உடுப்பு. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம்கூட இருந்தது. அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மட்டமான வேலை ஒன்றைப் பார்ப்பதுபோல அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தது.

“இவ்வளவுதானா நீ,” என்றது.

அவன் பார்வை அதன் தோளைத் தாண்டி, திறந்த கதவைத் தாண்டிப் போயிருந்தது. கட்டிலில் யாருமில்லை. மெத்தையில் ஒருக்களித்த உடலின் குழி மட்டும். அந்தக் குழி ஏறியது. இறங்கியது. ஏறியது. அதன் ஓரத்தில், கதவுப் பக்கமாக, படுக்கை விரிப்பை ஐந்து விரல்களின் பள்ளங்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.