இரண்டாவது மிடறு

ஆஸ்பத்திரிப் பழைய கட்டடத்தின் கோடியில் இருந்தது விழுங்கல் பயிற்சி அறை. அவள் பயிற்சியாளராக வேலைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே சன்னல் திறக்கவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, தொண்டைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி மட்டும் ஓடியது. ஈரச் சுவரின் வாடை பினாயிலையும் மீறி மூக்கில் ஏறியது. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அதற்காக அவள் பட்ட பாட்டுக்குப் பெரிய டாக்டர் கொடுத்த மரியாதை, ‘கரண்ட் பொண்ணு’ என்ற பெயர்.

முதல் நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்ததிலிருந்து எச்சில்கூட இறங்கவில்லை. மூக்குக் குழாய்தான் சாப்பாடு. இந்த வாரத்துக்குள் விழுங்காவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிடுவார்கள்.

கழுத்தில் ஒட்டும் பட்டை ஆளுக்கு ஒரு ஜோடி என்பது பாலபாடம். புதிய ஜோடி கேட்டு ஸ்டோருக்கு நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

“வரும்மா. வராம எங்க போகும்?” என்றார் ஸ்டோர்காரர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆத்திரம் பொங்க, இழுப்பறையில் கிடந்த பழைய ஜோடியையே எடுத்தாள். பசையில் ஒரு நரைத்த தாடி மயிர் இருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு, பட்டைகளைத் துடைத்துக் கண்டக்டரின் தொண்டையில் ஒட்டினாள்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் அண்ணே. அப்போ விழுங்குங்க.”

விசையைக் கூட்டினாள். கரண்டித் தண்ணீர் ஒரு செருமல்கூட இல்லாமல் இறங்கியது. கண்டக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரிய டாக்டரே வந்து பார்த்து மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். பாராட்டு கருவிக்குப் போனது.

அதன் பிறகு கண்டக்டர் வற்றத் தொடங்கினார்.

உதடு வெடித்தது. கண் குழிக்குள் போனது. சலைன் ஏற்ற நரம்பு அகப்படவில்லை.

“கிண்ணம் கிண்ணமா உள்ள போகுது டாக்டரம்மா. ஒண்ணுக்குக்கூட வரமாட்டேங்குது. எல்லாம் எங்கதான் போகுது?” என்றாள் மனைவி.

கண்டக்டர் பயிற்சியாளரின் விரலைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

“டிக்கெட் எடுத்தது நான்மா. சீட்ல உக்காந்திருக்கிறது வேற ஆளு.”

அவள் ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்து ஒரு கரண்டி கொடுத்தாள். மிடறு ஒன்று கேட்டது.

உடனே இன்னொன்று. பேராசையோடு.

அந்த இரண்டாவதுக்குக் கண்டக்டரின் தொண்டை அசையவே இல்லை.

பட்டைகளைப் பிய்த்து எடுத்தாள். மறுபடி ஒரு கரண்டி.

மறுபடியும் இரண்டு.

“இந்தப் பட்டை யாரோடது சிஸ்டர்?”

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “முன்னாடி இங்க இருந்த தையல்காரரோடது. வாய்வழியா எதுவும் கூடாதுன்னு போர்டு மாட்டியிருந்தோம். ஒரு வாய் தண்ணி, ஒரே ஒரு வாய்னு கேட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்தாரு.”

“கடைசி நேரத்துலகூடவா கொடுக்கல?”

“ரூல்ஸ்மா.”

அவள் பெரிய டாக்டரிடம் ஓடினாள். “திரும்பக் குழாய் போடுங்க சார். அவர் குடிக்கிறது அவருக்குச் சேரல.”

“நல்லா விழுங்கறார்னு மேலிடத்துக்கு எழுதிட்டேன். இப்போ மாத்திச் சொன்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?”

“மனுஷன் காஞ்சு சாகறார் சார்.”

“அப்போ குடிக்க வை. அதுக்குத்தானே சம்பளம்?”

ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு ரூல்ஸ். தாகத்துக்குப் பதில் சொல்ல மட்டும் ஒரு ஆள் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினாள். வெளியே உச்சி வெயில் அடித்தது. கண்டக்டரின் கட்டிலருகே மட்டும் குளிர்ந்தது.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதன் தலையணையில் பட்டைகளை ஒட்டிக் கருவியை முடுக்கினாள். இந்த வழியாகத்தானே வந்தார், இந்த வழியாகவே குடிக்கட்டும்.

“இந்தாங்க பெரியவரே. வயிறு முட்டக் குடிச்சுட்டு எங்க கண்டக்டரை விட்டுடுங்க.”

கரண்டி கரண்டியாகச் சாய்த்தாள்.

தலையணை நனையவில்லை.

தண்ணீர்க் கூஜா காலியாகும் நேரத்தில், பின்னால் கண்டக்டர் புரையேறி இருமினார். மனைவி அவர் உதட்டை நனைத்திருந்தாள். அந்த இருமல் அவர் தொண்டை சொந்தமாகச் செய்த முதல் வேலை.

“இறங்குதும்மா,” என்றார், கண் கலங்கி. “எனக்குத்தான் இறங்குது.”

அவள் மூச்சை விட்டாள். கருவியை நிறுத்தினாள். பிளக்கைப் பிடுங்கினாள். தலையணையின் மேல் கிடந்த கரண்டியை எடுக்கப் போனாள்.

வரவில்லை.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

மறுமுனையைத் தலையணை பல்லால் கவ்வியிருந்தது.